அந்த விடைத்தாளை யாராவது பிரித்துப் பார்த்தீர்களா?

பொங்கல் லீவு முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா போன் செய்தாள். எப்போதும் "சாப்டியா" என்று ஆரம்பிக்கிறவள், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே "பிசிக்ஸ்ல இருபத்தி மூணுடி" என்றாள். அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. முதல் திருப்புதல் தேர்வு. எழுபதுக்கு இருபத்து மூன்று.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டில் நடந்ததை அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாமா அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். டியூசனுக்குக் கட்டிய பணத்தில் எருமை வாங்கிக் கட்டியிருந்தால் பாலாவது கறந்திருக்கும் என்றார். எங்கம்மா விநாயகருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். அக்கா அழுதாள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு மொத்தத்தின் மதிப்பெண்ணும் பெயர் பெயராக வந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் ஐம்பத்தெட்டு என்பதைத் தெருவே தெரிந்துகொண்டது. இவள் இருபத்து மூன்று என்பதையும்தான்.

நான் என்ன செய்தேன்? அதைத்தான் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். நான் படிக்கிறவள், இந்த மாதிரி இதழ்களில் கட்டுரை தேடிப் படிக்கிறவள், முற்போக்கான சித்தி. அக்கா போன் வழியாக அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "மார்க்கெல்லாம் வெறும் நம்பர்தான் கண்ணு. நீ அதைவிடப் பெரியவ." கூடவே ஒரு இதயம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் தூங்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் கணபதிக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து, சும்மா பேச்சுக்குத்தான், "அந்தப் பேப்பரைக் காட்டேன்" என்று கேட்டேன். "எதுக்குங்க சித்தி?" என்றாள். முகம் இறுகிவிட்டது. "பாக்கத்தான்" என்றேன். மெத்தைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாள்கள் வந்தன. என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அஞ்சு நாளாச்சுங்க சித்தி. எல்லாரும் மார்க்கைத்தான் கேட்டாங்க. இதை யாருமே கேக்கலீங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். திட்டிய மாமாவும் நேர்ந்துகொண்ட அம்மாவும் அழுத அக்காவும் ஆறுதல் சொன்ன நானும் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறோம். எங்கள் நாலு பேரில் ஒருவர்கூட அந்தத் தாளைத் திறக்கவில்லை.

*

நான் ஆசிரியை இல்லை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவள் என்றாலும் இயற்பியலில் பாதி மறந்துவிட்டது. ஆனால் கணக்கில் பணம் குறைந்தால் எங்கே போச்சு என்று தேடத் தெரியும். எழுபதில் நாற்பத்தேழு காணோம். "வா, எங்க போச்சுன்னு பாக்கலாம்" என்றேன்.

இயற்பியல் வினாத்தாளின் அமைப்பு பல பேருக்கு இன்னும் நினைவிருக்கும். ஒரு மதிப்பெண் கேள்வி பதினைந்து. இரண்டு மதிப்பெண் ஆறு. மூன்று மதிப்பெண் ஆறு. ஐந்து மதிப்பெண் ஐந்து. மொத்தம் 70. மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். இவளுக்கு ஒரு மதிப்பெண் பகுதியில் 9, இரண்டில் 5, மூன்றில் 4, ஐந்தில் 5. ஆக 23.

ஐந்து மதிப்பெண் பகுதியைப் பார்த்தால் ஒரு கேள்விக்கு முழு மதிப்பெண். ஐந்துக்கு ஐந்து. மற்ற நாலும் வெற்றுத்தாள். ஒருத்திக்கு ஒன்று முழுசாகத் தெரிந்து மற்ற நாலில் ஒரு வரிகூடத் தெரியாமல் இருக்குமா? "இந்த நாலும் தெரியாதா?" என்றேன். "இல்லீங்க சித்தி, மூணு தெரியும். டைம் பத்தல." அந்த ஒரே கேள்விக்கு அவள் முக்கால் மணி நேரம் செலவழித்திருக்கிறாள். பென்சிலில் படம், ஸ்கேல் வைத்துக் கோடு, தலைப்புக்குக் கறுப்புப் பேனா. "பிரசன்டேஷன் நல்லா இருந்தாத்தான் மார்க்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம். எழுபதால் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம். ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் உண்டு. இந்த வகுத்தலை அவளுக்கு யாரும் போட்டுக் காட்டியிருக்கவில்லை.

ஒரு மதிப்பெண் கேள்விகளில் நாலு போனது எப்படி என்றால், புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை விடையாகப் படிக்காமல் "மூணாவது ஆப்ஷன்" என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். வினாத்தாளில் வரிசை மாறியிருந்தது. கணக்குகளில் சூத்திரம் சரி, போட்ட முறையும் சரி, நானோமீட்டரை மீட்டராக்கும்போது மைனஸ் ஒன்பதுக்குப் பதில் மைனஸ் ஆறு. இரண்டு இடத்தில் அதே தவறு. கதிர்வீச்சு, பருப்பொருள், இருமைப்பண்பு என்று வரும் பாடத்தில் எது கேட்டாலும் எழுதவில்லை. அரையாண்டுக்கு முன் போர்ஷனை முடிக்கிற அவசரத்தில் அந்தப் பாடத்தை மூன்றே வகுப்பில் ஓட்டியிருக்கிறார்கள். அந்த மூன்றில் இரண்டு நாள் இவளுக்குக் காய்ச்சல்.

சாயங்காலத்துக்குள் கணக்கு முடிந்தது. தெரிந்தும் நேரமில்லாமல் விட்டது 15. பாதி தெரிந்து தவறியது 14. படிக்கவே இல்லாதது 18. மொத்தம் 47.

இப்போது சொல்லுங்கள். "இருபத்து மூன்று" என்ற எண்ணில் இந்த மூன்றில் ஏதாவது தெரிகிறதா? முதல் பதினைந்துக்குக் கடிகாரம் வேண்டும். அடுத்த பதினாலுக்குத் தினமும் கொஞ்சம் பயிற்சி. கடைசிப் பதினெட்டுக்கு யாராவது உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டும். மூன்று நோய்க்கு மூன்று மருந்து. நாங்களோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக போனைப் பிடுங்கினோம்.

*

2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு விநோதம் நடந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே இணையத்தில் கசிந்தன. செய்தியானது, விசாரணையும் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொரோனாவால் பொதுத்தேர்வே ரத்தாகி, பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களை எல்லாம் கணக்கில் எடுத்து மதிப்பெண் போட்டிருந்தார்கள். இதுவும் கணக்கில் வந்துவிடுமோ என்ற பயம் அந்த வருடம் இருந்திருக்கும். அதைச் சொல்லிவிட வேண்டியது நியாயம்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். திருப்புதல் தேர்வு என்பது எனக்கு என்ன தெரியவில்லை என்று எனக்கே காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு. அந்த வினாத்தாளைத் திருடுவது, ரத்தப் பரிசோதனைக்கு வேறு ஒருவர் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி. ரிசல்ட் நார்மல் என்று வரும். சர்க்கரை உள்ளே அப்படியே இருக்கும். இந்த முட்டாள்தனத்தை ஏன் செய்கிறார்கள்? அந்தப் பரிசோதனையின் முடிவை மருத்துவர் பார்ப்பதில்லை. ஊர் பார்க்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை வைத்து பெஞ்சில் இடம் மாற்றுகிறார்கள். "ஸ்லோ லேர்னர்" என்று பெயர் வைத்துத் தனி அறையில் உட்கார வைக்கிறார்கள்.

2017ல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. நல்ல முடிவு என்று எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது. சில பேர் பெயர்தான் அதில் இருக்கும். இன்றைக்குப் பல பள்ளிகளில் ஒவ்வொரு ஸ்லிப் டெஸ்டுக்கும் பட்டியல். அதில் எல்லோர் பெயரும் இருக்கிறது, கடைசிப் பெயர் உட்பட. அரசு வாசல் கதவைச் சாத்தியது. நாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டோம்.

ஆசிரியர்கள்மேல் மொத்தப் பழியையும் போட எனக்கு மனசில்லை. ரேங்க் போனாலும் மாவட்ட வாரியாகத் தேர்ச்சி விழுக்காடு இன்றும் வருகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று ரிசல்ட் அன்று மதியமே தெரிந்துவிடும். கடைசி இடத்து மாவட்டத்தில் அதிகாரி தலைமை ஆசிரியரைக் கேட்பார். தலைமை ஆசிரியர் பாட ஆசிரியரைக் கேட்பார். பாட ஆசிரியர் யாரைக் கேட்பார்? கடைசி பெஞ்சைத்தான். நாற்பது, ஐம்பது தாளைத் திருத்தி, கூட்டி, பதிவேட்டில் ஏற்றி, கணினியில் ஏற்றி, அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் எடுக்க வேண்டிய ஒருவரிடம் "ஒவ்வொரு தாளிலும் நாலு வரி எழுதுங்க டீச்சர்" என்று நான் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் இருக்கிற நமக்கு ஒரே ஒரு தாள்தானே? நமக்கு என்ன கேடு?

*

எண்ணைப் பார்த்தவுடன் மற்ற எதுவும் கண்ணில் படாமல் போவதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். இன்னொன்றுக்குத் தாளில் எழுதிய குறிப்புகள் மட்டும். மூன்றாவதுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த வேலைகளில் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் கிடைத்தவர்கள்தானே இன்னும் நன்றாகச் செய்திருக்க வேண்டும்? இல்லை. அவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் மாதிரியே ஆகிவிட்டார்கள். எண் பக்கத்தில் இருந்தால் எழுத்து செத்துப்போகிறது. எங்கள் வீட்டில் அந்த ஐந்து நாளும் நடந்தது இதுதான்.

இன்னொன்று. "போய்ப் படி" என்கிறோமே, அப்படியென்றால் என்ன செய்யச் சொல்கிறோம்? இவள் செய்தது இதுதான்: கைடைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு தடவை வாசிப்பது, மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுக்க அடிப்பது, ஸ்பெஷல் கிளாஸில் கொடுத்த இம்போசிஷனைப் பத்துத் தடவை எழுதுவது. பத்தாவது தடவை கை எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். வாசித்துவிட்டு மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அப்போது கொஞ்சம் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

அதாவது, திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வருகிற "எல்லாம் தெரியும்" என்ற உணர்வு பொய். மூடிவைத்து யோசிக்கும்போது வருகிற தடுமாற்றம்தான் படிப்பு. பரீட்சை எழுதுவதே படிப்பதில் ஒரு வகை. அப்படியென்றால் திருப்புதல் தேர்வைப் போல நல்ல விஷயம் கிடையாது. அரசே வினாத்தாள் தந்து, மூன்று மணி நேரம் உட்கார வைத்து, மறந்ததை எல்லாம் தோண்டி எடுக்க வைக்கிறது. அந்தத் தேர்வைப் பார்த்துப் பிள்ளைகள் நடுங்குகிற மாதிரி செய்து வைத்தது நாம்தான்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப் போகிறது. ராத்திரி சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. அது சோம்பேறித்தனம் கிடையாது. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016ல் பரிந்துரைத்தது. நாம் என்ன செய்கிறோம்? காலை ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி ஒன்பது வரை டியூசன், அப்புறம் வீட்டுப்பாடம், விடிகாலை நாலரைக்கு "பிரம்ம முகூர்த்தத்துல படிச்சா மண்டையில ஏறும்" என்று முகத்தில் தண்ணீர். படித்தது மூளையில் தங்குவதற்குத் தூக்கமும் வேண்டும். ஒரு கையால் தண்ணீர் ஊற்றி, மறு கையால் குடத்தில் ஓட்டை போடுகிறோம்.

*

இங்கே இரண்டு தரப்பு என்னோடு சண்டைக்கு வரும்.

முதல் தரப்பு: "நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம். பயம் இல்லைன்னா படிக்குமா?" நானும் பயந்துதான் படித்தேன். 2009ல் பன்னிரண்டாம் வகுப்பு, அப்போது மொத்தம் 1200. அரையாண்டில் இயற்பியல் கவிழ்ந்தது. எங்கப்பா கை ஓங்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். பதினோரு நாள். சோற்றுத் தட்டை வைத்தால் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். அந்தப் பதினோரு நாளில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். அவர் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொண்டேன். அடுத்த இரண்டு ரேங்க் கார்டிலும் அப்பாவின் கையெழுத்து என்னுடையதுதான். பயம் பிள்ளைக்கு மறைக்கச் சொல்லிக்கொடுக்கும். மறைத்த தாளை யாரும் திருத்த முடியாது. அதை மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன்மேல்தான் படுத்துத் தூங்க வேண்டும்.

இது மறைப்பதோடு நின்றால் பரவாயில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்லாவற்றுக்கும் தேர்வுதான் காரணம் என்று சொல்வது தவறு. ஒரு மரணத்துக்குப் பின்னால் பல விஷயங்கள் இருக்கும். ஆனால் வீட்டில் வாயைத் திறக்க முடியாத பிள்ளை, வேறு எந்தக் கஷ்டத்தையும் வீட்டில் சொல்லாது. இருபத்து மூன்றைச் சொல்ல முடியாதவளால் அதைவிடப் பெரியதை எப்படிச் சொல்ல முடியும்? மே மாதம் ரிசல்ட் அன்று மட்டும் டிவியில் 104, 14416 என்று உதவி எண்களை ஓட்டுகிறோம். அந்த எண்கள் ஜனவரியிலும் வேலை செய்கின்றன. பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் மார்ச் வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது தரப்பு நாம்தான். இதை வாசிக்கிற நீங்களும் எழுதுகிற நானும். "மார்க் ஒரு விஷயமே இல்லை", "சச்சின் காலேஜ் போனாரா?", "கல்வி என்பது மதிப்பெண் அல்ல" என்று ஸ்டேட்டஸ் வைக்கிற நாம். இந்தத் தரப்பின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் இது பார்க்க அன்பு மாதிரியே இருக்கிறது.

மார்க் ஒரு விஷயமே இல்லையென்று யார் சொல்ல முடியும்? கையில் சொத்தோ, ஆங்கிலமோ, சிபாரிசோ இருக்கிறவர்கள் சொல்லலாம். எங்க மாமாவுக்குக் கணபதியில் ஒரு சின்ன லேத்துப் பட்டறை. சொந்த மிஷின் ஒன்று, வாடகைக் கட்டடம். பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்ஆஃப் 200ல் போடுகிறார்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அந்தக் கட்ஆஃபில் நாலைந்து மதிப்பெண் ஏறினால் அரசுக் கல்லூரி. இறங்கினால் கடன் வாங்கித் தனியார் கல்லூரி, இல்லாவிட்டால் இருக்கிற கோர்ஸில் ஏதோ ஒன்று. இந்தப் பிள்ளையிடம் போய் "அது வெறும் நம்பர்" என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? "சித்திக்கு என் நிலைமை தெரியல" என்றுதான். அந்தக் கட்டைவிரலுக்கு அர்த்தம் அதுதான் என்று பின்னால் அவளே சொன்னாள்.

ஆறுதல் சொல்வது சுலபம். அரை நிமிடம் போதும். விடைத்தாளோடு உட்காருவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேண்டும். மறந்துபோன லென்ஸ் சூத்திரத்தை நாமும் மறுபடி படிக்க வேண்டும். "எனக்கும் புரியல, வா, தேடிப் பாக்கலாம்" என்று பதினேழு வயசுப் பிள்ளை முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்ய மனசில்லாதபோது "மார்க் முக்கியமில்லை" என்கிறோம். அடிக்கிறவர் தாளைப் பார்க்காமல் அடிக்கிறார். தடவிக்கொடுக்கிறவர் தாளைப் பார்க்காமல் தடவிக்கொடுக்கிறார். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மார்க் முக்கியம். முக்கியம் என்பதால்தான் ஜனவரி மார்க்கை மார்ச் மார்க்காக நினைத்து அழக்கூடாது என்கிறேன். ஜனவரியில் தவறுகிற ஒவ்வொரு கேள்வியும் லாபம். மார்ச்சில் தவற வேண்டியது இங்கேயே தவறிவிட்டது.

*

நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. நோட்டில் மூன்று பத்தி போட்டோம்: நேரம், பாதி, பூஜ்யம். தினமும் சாயங்காலம் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி, பன்னிரண்டு நிமிடம், சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து. கலர் பேனாக்கள் ரிட்டையர் ஆயின. ஒரு மதிப்பெண் கேள்விகளை அவள் அம்மா விடையின் வரிசையை மாற்றி மாற்றிக் கேட்டாள். அக்கா பத்தாவதோடு நின்றவள், ஆனால் கேள்வி கேட்கப் பிசிக்ஸ் தெரிய வேண்டியதில்லையே. இன்று கேட்டதை இரண்டு நாள் கழித்து மறுபடி, அப்புறம் ஒரு வாரம் கழித்து மறுபடி. விட்டுப்போன பாடத்துக்கு அவளே டீச்சரிடம் போய், "மிஸ், இது எனக்கு ஆரம்பத்திலேருந்தே புரியலீங்க" என்று கேட்டாள். அந்த டீச்சர் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். யாராவது வந்து குறிப்பாக ஒன்றைக் கேட்டால் பல ஆசிரியர்கள் அப்படித்தான். அவர்களிடமும் நாம் மார்க்கைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன் பீரோவிலிருந்து வெளியே வந்தது. படிக்கிற நேரத்தில் சமையலறை அலமாரியில், பத்து மணிக்கு மேல் அப்பாவின் போனோடு சேர்ந்து சார்ஜில். பிள்ளை போனை மட்டும் பிடுங்கிவிட்டு அப்பா ராத்திரி பன்னிரண்டு வரை ரீல்ஸ் பார்க்கிற வீட்டில் எந்தச் சட்டமும் நிற்காது. விடிகாலை நாலரை நின்றது. ஆறு மணிதான்.

பிப்ரவரியில் இரண்டாம் திருப்புதல் வந்தது. முப்பத்தாறு.

சினிமா என்றால் அறுபத்தாறு வந்திருக்கும். இது முப்பத்தாறு. எதிர்வீட்டுப் பெண் அறுபத்தொன்று. அக்காவின் குரல் போனில் கம்மியது. எனக்கும் உள்ளுக்குள் ஏமாற்றம்தான், பொய் சொல்ல மாட்டேன். இந்த முறை கணபதிக்கு நான் போகும் முன்பே விஷயம் நடந்து முடிந்திருந்தது. அக்கா சொன்னாள்.

மாமா பட்டறையிலிருந்து வந்து, கை கழுவி, பாயில் உட்கார்ந்து, "அந்தப் பேப்பரைக் கொண்டா அம்மிணி" என்றாராம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியிருக்கிறார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "ஏனம்மிணி, இந்த எடம் ஏன் வெறுமனே கெடக்குது?" என்று கேட்டாராம்.

ஐந்து நாள் வீடே அல்லாடியபோது ஒருவரும் கேட்காத கேள்வி அது. படித்த நான்கூட முதலில் கேட்காத கேள்வி. எட்டாவது வரை படித்தவர் சரியாக அங்கே போய் விரலை வைத்தார்.

அவள் சொல்லியிருக்கிறாள், மைனஸ் எங்கே வரும் பிளஸ் எங்கே வரும் என்று குழப்பம், அதனால் விட்டுவிட்டேன் என்று. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் புது ஜாப் வந்தா மொத பீசு ஓட்டிப் பாத்து, வெர்னியர்ல அளந்துதான் அடுத்தது போடுவேன். மொத பீசு தப்புனா மிசினைத்தான் திருத்தோணும். பீசைத் தூக்கி எறிஞ்சா ஆகுமா?" என்றாராம். இத்தனை வருஷமாக லேத்தில் செய்துகொண்டிருக்கிற காரியம். மகளின் தாளைப் பிரிக்கும்வரை அவருக்கும் அது தோன்றவில்லை.

பொதுத்தேர்வு மார்ச்சில். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நல்ல மார்க் வந்தால்தான் இந்தக் கட்டுரை சரி என்று நீங்கள் நினைத்தால், முதல் வரியிலிருந்து மறுபடி வாசியுங்கள். ஒன்று மட்டும் தெரியும். இரண்டாவது தாள் மெத்தைக்கு அடியில் போகவில்லை. பட்டறை பில் புக்கோடு சேர்ந்து டிவி ஸ்டாண்ட் மேல் கிடக்கிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இதைப் பெரும்பாலும் படிக்கப்போவது இருபதுகளில் இருப்பவர்கள். நீங்கள் யாருடைய அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன், அக்கா, சித்தி, சித்தப்பா, மாமா. அந்தத் தேர்வறையிலிருந்து வெளியே வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. நானோமீட்டருக்கு எத்தனை சைபர் என்று இன்னும் மறந்திருக்காது. அப்பாவிடம் காட்டாத தாளை அந்தப் பிள்ளை காட்டுகிற ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். இதய எமோஜியை வைத்துவிட்டு, பஸ் ஏறிப் போங்கள். போய், எவ்வளவு என்று கேட்காதீர்கள். தாளைக் கேளுங்கள்.